பழனியில் இறங்கும் முடி எந்த நடிகர் தலையில் ஏறுமோ!

பழனிக்குப் போகிறவர்கள் தலைமுடியை இறக்கிவிட்டு வருகிறார்கள்.

சினிமாவுக்குப் போகிறவர்கள் தலைமுடியை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்!

முதலாவதற்குப் பெயர் மொட்டை. இரண்டாவதற்குப் பெயர் டோப்பா.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. பக்தன் கோவிலில் கொடுத்த முடிதான், கை மாறிக் கை மாறி, கடைசியில் டோப்பாவாக வேறொருவர் தலையில் போய் உட்காருகிறது. அந்தத் தலை ஒரு நடிகரின் தலையாகவும் இருக்கலாம்.

ஒருவர் மகிழ்ச்சியோடு கொடுத்ததை இன்னொருவர் கூச்சத்தோடு வாங்கி வைத்துக்கொள்கிறார். வேடிக்கையாக இல்லையா? அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சரவணப்பொய்கையில்...

பழனி மலை அடிவாரம். சரவணப்பொய்கை முடி காணிக்கை மண்டபம்.

அதிகாலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். மஞ்சள் வேட்டி, பச்சை வேட்டி, காவடி, "அரோகரா" கோஷம்!

ஒரு குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுகிறது. "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று பாட்டி கிலுகிலுப்பையை ஆட்டுகிறாள். பக்கத்தில் ஒரு விவசாயி குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஆபீஸ் உத்தியோகஸ்தர். அதற்கும் அப்பால் முழங்கால் வரை கூந்தல் வளர்ந்த ஒரு பெண்மணி. கணவருக்கு நோய் தீர்ந்தால் முடி தருவதாக வேண்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இங்கே வருகிறார்கள்.

கத்தி ஓடுகிறது. முடி சரிகிறது. தலையில் சந்தனம் ஏறுகிறது.

அங்கே ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிப்பதில்லை. எல்லாத் தலையும் ஒரே தலை!

மலை மேலே இருக்கும் தெய்வம் யார்? தண்டாயுதபாணி. கோவணமும் தண்டுமாக நிற்கும் ஆண்டி. பக்தர்கள் அவரை உரிமையோடு "மொட்டை ஆண்டி" என்றே கூப்பிடுவார்கள். அதே ஆண்டிக்குத்தான் ராஜ அலங்காரமும் நடக்கிறது. கிரீடம் வைத்தாலும் அவர்தான், வைக்காவிட்டாலும் அவர்தான்.

மொட்டை போட்டவர் ஊர் திரும்பியதும் எதிரே வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்?

"பழனியா, திருப்பதியா?"

அவ்வளவுதான். வேறு கேள்வி கிடையாது.

முன்பெல்லாம் மொட்டை போடக் கோவிலில் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். தமிழக அறநிலையத் துறைக் கோவில்களில் 2021-ம் ஆண்டில் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது.

முடி எங்கே போகிறது?

இறக்கிய முடி வீணாகப் போவதில்லை. கோவில் நிர்வாகம் அதைச் சேர்த்து வைத்து ஏலம் விடுகிறது. பழனியிலும் அப்படித்தான், திருப்பதியிலும் அப்படித்தான். திருப்பதி தேவஸ்தானத்துக்கு மட்டும் முடி விற்பனையில் ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது!

ஏலம் எடுத்த வியாபாரி முடியைச் சிக்கெடுக்கிறார், கழுவிக் காய வைக்கிறார், நீளவாரியாகப் பிரிக்கிறார். பெண்களின் நீண்ட முடிக்குத்தான் விலை அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முடியின் மேல் மீன் செதிலைப் போன்ற மெல்லிய செதில்கள் உண்டு. அவை வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். எல்லா முடியும் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒழுங்காக இருந்தால்தான் டோப்பா சிக்கு விழாமல் இருக்கும். கோவிலில் கற்றையாக இறக்கும் நீண்ட முடியில் இந்த ஒழுங்கு கலையாமல் இருக்கும். அதனால்தான் அதற்கு மவுசு.

இந்திய முடி கடல் கடந்து போகிறது. அதனால் ஒரு முறை அமெரிக்காவில் பெரிய பரபரப்பே உண்டாயிற்று.

யூதர்களில் ஆசாரமான குடும்பத்துப் பெண்கள் கலியாணம் ஆனபின் தங்கள் சொந்தக் கூந்தலைப் பிறர் பார்க்கும்படி விடமாட்டார்கள். பலர் டோப்பா வைத்துக்கொள்வார்கள். 2004-ம் ஆண்டு, "இந்த முடி இந்தியக் கோவிலில் காணிக்கையாகக் கொடுத்தது. நம் மதப்படி இதை அணியக் கூடாது" என்று ஜெருசலேம் மதகுரு ஒருவர் தீர்ப்புச் சொன்னார். உடனே நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பெண்கள் விலை உயர்ந்த டோப்பாக்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்!

இங்கே தலை குனிந்து கொடுத்த முடி, எங்கேயோ போய் என்னவெல்லாம் பாடுபடுகிறது, பார்த்தீர்களா?

ஒவ்வொரு முடியாக!

நல்ல டோப்பா கட்டுவது சுலபமான வேலை அல்ல.

முதலில் தலையின் அளவு எடுக்கிறார்கள். அந்த அளவுக்கு மெல்லிய வலையில் ஒரு குல்லாய் தைக்கிறார்கள். பிறகு கொக்கி போல் வளைந்த சிறிய ஊசியால், வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒன்றிரண்டு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுகிறார்கள். இப்படிப் பல ஆயிரம் முடிச்சுகள்! கண் நோகும், கை நோகும். நெற்றி ஓரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். காமிரா அங்கேதான் முதலில் கண்டுபிடிக்கும்.

ஒட்டுவதற்குத் தனிப் பசை. அந்தப் பசைக்கு இரண்டு எதிரிகள்: வியர்வை ஒன்று, ஈரம் ஒன்று. டோப்பாவுக்கு மூன்றாவது எதிரியும் உண்டு. அது காற்று!

காற்று என்றதும் நம் கொடைக்கானல்தான் நினைவுக்கு வருகிறது.

மலைக்கு மேலே

பழனியிலிருந்து மலைப்பாதையில் சுமார் 65 கிலோ மீட்டர் ஏறினால் கொடைக்கானல். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7 ஆயிரம் அடி உயரம். அங்கே 1936-ல் கட்டிய குறிஞ்சியாண்டவர் கோவில் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கே நின்று பார்த்தால் கீழே பழனி தெரியும்.

கீழே மொட்டைத் தலைகளின் ஊர். மேலே சினிமாக்காரர்களின் ஊர்!

கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிப் பிடித்துப் பாட்டுப் பாட எத்தனை படக் கோஷ்டிகள் இந்த மலைக்கு வந்திருக்கின்றன! கமல்ஹாசன் நடித்து 1991-ல் வந்த "குணா" படத்தால் இங்குள்ள ஒரு குகைக்கே "குணா குகை" என்று பெயர் வந்துவிட்டது. 2024-ல் வந்த "மஞ்ஞும்மல் பாய்ஸ்" மலையாளப் படம் அதை மறுபடியும் பிரபலமாக்கியது.

டோப்பா வைத்த நடிகருக்குக் கொடைக்கானல் பாதி நண்பன், பாதி பகைவன். குளிரில் வியர்க்காது; பசை நிற்கும். ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து திடீரென்று ஒரு காற்று வீசினால்? பாட்டு நடுவில் கை தானாகத் தலைக்குப் போகும். "கட்!" என்று டைரக்டர் கத்துவார். மேக்கப்காரர் சீப்பும் பசையுமாக ஓடி வருவார்.

இது தொழில் சங்கடம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "நவராத்திரி" படத்தில் (1964) சிவாஜி கணேசன் ஒன்பது வேடம் போட்டார். ஒன்பது ஆளுக்கும் ஒரே தலை இருந்தால் யார் நம்புவார்கள்? வேடத்துக்கு டோப்பா வைப்பது, ராஜாவுக்குக் கிரீடம் வைப்பதைப் போல.

வேடம் கலைத்த பிறகும் "என் தலையை யாரும் பார்த்துவிடக் கூடாதே" என்று பயம் வருகிறதே, அதுதான் நம் கதை.

பாகவதர் கிராப்பு

இந்தப் பயத்தை நடிகர்கள் மனத்தில் உண்டாக்கியது யார்? நாம்தான்!

எம்.கே.தியாகராஜ பாகவதர் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-ல் வெளியான அவருடைய "ஹரிதாஸ்" மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர் குரலுக்கு மயங்கிய ஜனங்கள் அவர் தலைமுடிக்கும் மயங்கினார்கள். பின்கழுத்தில் புரளும் அந்த முடிக்கு "பாகவதர் கிராப்பு" என்றே பெயர் வந்தது. அவரைப் போலவே வாலிபர்கள் முடி வளர்த்தார்கள்.

நட்சத்திரத்தின் முடி ஊருக்கே சொத்து ஆகிவிட்டது. அது உதிர ஆரம்பித்தால்? சொந்த வீட்டுக் கூரை போனதைப் போல ரசிகன் பதறுகிறான். அந்தப் பதற்றத்தைப் பார்த்து நடிகர் பயப்படுகிறார்.

தொப்பிக்குள் என்ன?

எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியை நினைத்துப் பாருங்கள்.

"அடிமைப்பெண்" படத்துக்காக (1969) ராஜஸ்தான் போனபோது அந்தத் தொப்பி அவரிடம் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். பிறகு அது அவரைவிட்டுப் பிரியவில்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளமாகிவிட்டன.

டீக்கடைகளில் அப்போது நடந்த வாதங்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"தலைவருக்கு உள்ளே வழுக்கையப்பா!"

"யார் சொன்னது? நீ பார்த்தாயா?"

வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பில் முடிந்த இடங்களும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் 1972-ல் புதுக் கட்சி தொடங்கினார். அதன் முதல் பெரிய பரீட்சை 1973-ல் நடந்த திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தல். பழனி மலைச் சீமையிலேயே நடந்த போட்டி அது! அவர் கட்சி ஜெயித்தது. 1977, 1980, 1984 என்று மூன்று சட்டசபைத் தேர்தல்களிலும் வெற்றி. 1984-ல் அவர் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அப்போதும் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள்.

தொப்பிக்குள் முடி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தா ஓட்டுப் போட்டார்கள்? இல்லை. வழுக்கை என்று அடித்துச் சொன்னவனும் அவருக்கே போட்டான்!

1987 டிசம்பர் 24-ந்தேதி அவர் காலமானார். தொப்பியோடும் கறுப்புக் கண்ணாடியோடும்தான் ஜனங்கள் அவரைக் கடைசியாகத் தரிசித்தார்கள்.

சீசரும் ஜேம்ஸ்பாண்டும்

இந்தக் கவலை நம் ஊருக்கு மட்டும் சொந்தம் அல்ல.

ரோமாபுரியை ஆண்ட ஜூலியஸ் சீசருக்கு வழுக்கை. எதிரிகள் கேலி செய்வார்கள். வெற்றி வீரர்கள் அணியும் இலைக் கிரீடத்தை எப்போதும் அணிந்துகொள்ளும் உரிமையை அவருக்குக் கொடுத்தார்கள். தமக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் அவருக்கு மிகவும் பிடித்தது என்று ரோமானிய சரித்திர ஆசிரியர் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். காரணம் தெரிகிறது அல்லவா?

சினிமாவில் முதல் ஜேம்ஸ்பாண்டாக வந்தவர் ஷான் கானரி. துப்பாக்கிக்கு அஞ்சாத துப்பறியும் வீரர்! 1962-ல் முதல் பாண்ட் படம் வந்தபோதே அவர் தலையில் டோப்பா. பின்னாளில் அவர் டோப்பாவைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். என்ன ஆயிற்று? 1989-ல் அமெரிக்காவின் "பீப்பிள்" பத்திரிகை, "உயிரோடு இருக்கும் ஆண்களிலேயே மிகவும் கவர்ச்சியானவர்" என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 59. தலையில் வழுக்கை!

யுல் பிரின்னர் என்ற நடிகர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1951-ல் ஒரு நாடகத்தில் சயாம் ராஜா வேடத்துக்காகத் தலையை வழித்துக்கொண்டார். அதே வேடத்தில் சினிமாவிலும் நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கினார். மொட்டைத் தலையே அவருக்கு முகவரி ஆகிவிட்டது.

அடியாள் பாஸ் ஆனார்!

நம் தமிழ்ப்படங்களில் நெடுங்காலம் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. மொட்டைத் தலை என்றால் வில்லனின் அடியாள். வழுக்கைத் தலை என்றால் சிரிப்பு நடிகர். கதாநாயகன் என்றால் சுருள் சுருளாக முடி.

1984-ல் வந்த "நூறாவது நாள்" படத்தில் மொட்டைத் தலையோடு கொலைகாரனாக வந்து சத்யராஜ் கொட்டகையை நடுங்க வைத்தார். பிறகு அவரே கதாநாயகன் ஆனார். தலையில் டோப்பா ஏறியது. 2015-ல் "பாகுபலி"யில் கட்டப்பாவாக மறுபடியும் மொட்டைத் தலை. இந்தியா முழுவதும் அவர் முகம் பரவியது எந்தத் தலையால்? மொட்டைத் தலையால்!

கமல்ஹாசன் 2001-ல் "ஆளவந்தான்" படத்துக்காக மொட்டை அடித்துக்கொண்டார்.

ரஜினிகாந்த் கதையோ எல்லோருக்கும் தெரிந்தது. படத்தில் முடியைக் கோதிவிட்டால் கொட்டகை அதிரும். ஆனால் விழாவுக்கு வரும்போது பாருங்கள். வழுக்கைத் தலை, வெள்ளைத் தாடி, வெள்ளை வேட்டி. டோப்பா இல்லை, சாயம் இல்லை. 2007-ல் "சிவாஜி" படத்தில் "மொட்டை பாஸ்" ஆக வந்தபோது விசில் சத்தம் காதைப் பிளந்தது.

அவர் மறைக்கவில்லை. ரசிகர்கள் குறையவும் இல்லை.

அடியாளுக்கு என்று ஒதுக்கிய தலை, பாஸுக்கே வந்துவிட்டது!

வீட்டுக்கு வீடு

நடிகர்களுக்குப் பணம் இருக்கிறது, மேக்கப்காரர் இருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை என்ன?

25 வயதில் ஒரு வாலிபனுக்கு நெற்றி ஏறுகிறது. பெண் பார்க்கப் போகிறார்கள். "மாப்பிள்ளைக்கு முடி கொஞ்சம் குறைவு போலிருக்கிறதே" என்று ஒரு குரல். அன்றைக்குத் தூக்கம் போகிறது. எண்ணெய் விளம்பரம், லேகிய விளம்பரம் எல்லாம் பார்க்கிறான். சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது.

டாக்டர்கள் சொல்வதைக் கேளுங்கள். மனிதர் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தகப்பன் வழியிலும் வரலாம். தாய் வழியிலும் வரலாம். அது யாருடைய குற்றமும் அல்ல.

"மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்" என்று சொல்வதும் சரியல்ல. முடியின் வேர் தோலுக்குள் இருக்கிறது. கத்தி அதைத் தொடுவதில்லை. வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றுகிறது. அவ்வளவுதான்.

திடீரென்று கொத்துக்கொத்தாக உதிர்ந்தாலோ, வட்டம் வட்டமாகப் போனாலோ தோல் டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு வேறு காரணம் இருக்கலாம். சிகிச்சையும் உண்டு.

முடி நடும் சிகிச்சை என்பது தலையில் செய்யும் ஆபரேஷன். அதை ஆபரேஷனாகவே மதிக்க வேண்டும். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். வயது 22! தகுதி பெற்ற டாக்டர்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிமுறைகளை வெளியிட்டது.

முடி போனால் முடிதான் போகும். அதைத் தேடப்போய் உயிரைக் கொடுக்கலாமா?

சவுரியும் டோப்பாவும்

நம் பெண்களைப் பாருங்கள். கூந்தல் குறைந்தால் சவுரி வைத்துப் பின்னிக்கொள்கிறார்கள். கலியாணப் பெண்ணுக்குச் சவுரி வைத்து, பூ வைத்து, ஜடை தைக்கிறார்கள். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. மற்றவர்கள் கேலி செய்வதும் இல்லை. "என் சவுரியை எங்கே வைத்தாய்?" என்று வீட்டில் சத்தமாகவே கேட்கிறார்கள்!

டோப்பாவும் அப்படித்தான் இருக்க வேண்டும். வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம்; வேண்டாம் என்றால் கழற்றலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி இழந்த ஒரு பெண்ணுக்கு டோப்பா எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா? அவர்களுக்காகவே இளம் பெண்கள் தங்கள் கூந்தலைத் தானம் செய்கிறார்கள். டோப்பா தப்பு அல்ல. அதற்குள் ஒளிந்திருக்கும் பயம்தான் தப்பு. அந்தப் பயத்தை வளர்ப்பது நம் கேலிப் பேச்சு.

இதை எழுதுகிறவனுக்கும் முப்பது வயதைத் தாண்டியதும் உச்சந்தலை தெரிய ஆரம்பித்தது. பக்கத்து முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டே திரிந்தேன். போட்டோ என்றால் பின்வரிசைதான்.

மகளுக்கு முதல் முடி இறக்கப் பழனிக்குப் போனோம். மடியில் உட்கார வைத்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். "மாப்பிள்ளை, நீங்களும் உட்காருங்க. பார்த்தா பிள்ளை அழுகையை நிறுத்திடும்" என்றார் மாமனார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு தலைக்கும் சந்தனம் பூசியதும், என் தலையைத் தடவிப் பார்த்து அவள் கலகலவென்று சிரித்தாள். அன்று எடுத்த போட்டோதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் நான் முன்வரிசை!

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். என்ன சொல்வார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"பழனியா, திருப்பதியா?"